மகப்பேறும் உதிரப் பெருக்கும்



தலைப் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்த கையோடு அழைத்துச் சென்றுவிடுவார்கள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவருள் பலருக்கு இப்போது அது கைகூடுவதில்லை. பெண்ணுக்கும் உத்தியோகம் இருக்கிறது; விடுமுறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஆகவே, குழந்தை அயலூரிலேயே, வேற்றுமொழி பேசும் செவிலியர் நடுவே பிறக்கிறது. அத்தகைய குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய மருத்துவ ஆராய்ச்சிகள் சிலவற்றைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

நிறைமாதக் கர்ப்பிணியின் கருப்பைக்கு நிமிடந்தோறும் அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி கழன்றதும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கின்றன. கருப்பையின் தசை இறுகச் சுருங்கி அக்குழாய்களை நெரித்து அடைக்கிறது. இயற்கையின் ஏற்பாடு அது. தசை சுருங்காமல் தளர்ந்து கிடந்தாலோ, குழாய் திறந்த தண்ணீர்த் தொட்டியின் கதைதான். உலகெங்கும் ஆண்டுதோறும் பல்லாயிரம் தாய்மார்களின் உயிரைக் கொள்ளைகொள்ளும் உதிரப் பெருக்கு இதுவே. முன்பு எந்த நோயும் இல்லாதவளுக்கும் இது நேரலாம்.

அரை லிட்டர் இரத்தம் போனால் அபாயம் என்று பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தன. ஆனால் அரை லிட்டர் போயிற்று என்பதை அறிவது எங்ஙனம்? துணியில் ஊறியதையும், தரையில் சிந்தியதையும், பஞ்சில் ஏறியதையும் கண்ணால் பார்த்து, இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து வந்தார்கள். மொழிபெயர்ப்பு என் தொழில். 'மதிப்பீடு' என்று எழுதுவதா, 'அளவீடு' என்று எழுதுவதா என அலுவலகக் கோப்புகளில் நாள்தோறும் தடுமாறுபவன் நான். கோப்பில் அந்த வேறுபாட்டினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடுவதில்லை. பிரசவ அறையிலோ அது உயிர்ப் பிரச்சினை.

இதனைத் தெளிவாகக் காட்டிய இடங்களுள் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டத்துக் கிராமங்களில், அங்குள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியாரும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, மிசோபுரோஸ்டால் என்னும் மாத்திரையைச் சோதித்தனர். அதன் முடிவு 2006இல் வெளியாயிற்று. குளிர்பதனப் பெட்டி வேண்டாத அம்மாத்திரையைத் துணைச் செவிலியர் கொடுத்தபோது, உதிரப் பெருக்கு நூற்றுக்கு 12 என்பதிலிருந்து ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. அந்த ஆராய்ச்சிக்காக எளிய சாதனம் ஒன்றையும் பயன்படுத்தினார்கள். தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு அது. அதன் கீழ் நுனி புனல்போல் குவிந்த பை. பையின்மேல் அளவுக் கோடுகள். கண்மதிப்பை இப்பையின் அளவோடு ஒப்பிட்டபோது, கண் மூன்றில் ஒரு பங்கு குறைத்தே சொல்லியது தெரியவந்தது.

கோடிட்ட பையின் பெருமை உலகுக்கு நன்கு விளங்கியது 2023இல். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட இயற்கைப் பிரசவங்களில் அந்த ஆராய்ச்சி நடந்தது. ஒரு சாரார் மருத்துவமனைகளில் கோடுகள் இல்லாத பையும் வழக்கமான சிகிச்சையும். மறுசாராரிடம் கோடிட்ட பை. அதில் இரத்தம் அபாயக் கோட்டை எட்டியதும் கருப்பையைத் தேய்த்தல், சுருக்க மருந்து, உறைய உதவும் மருந்து, நரம்பு வழியே உப்புநீர், காரணம் தேடிப் பரிசோதனை ஆகிய ஐந்தும் ஒருசேர நடைபெற்றன. முதற் சாராரிடம் உதிரப் பெருக்குற்றவருள் ஏறக்குறைய பாதிப்பேர்தான் கண்டறியப்பட்டனர். மறுசாராரிடம் நூற்றுக்கு 93 பேர். கடுமையான விளைவு ஆயிரத்துக்கு 43 என்பதிலிருந்து 16 ஆகக் குறைந்தது. அந்த ஐந்தில் ஒன்றுகூடப் புதிய கண்டுபிடிப்பு அன்று. எல்லாம் முன்பே அலமாரியில் இருந்தவைதாம்!

அந்த ஐந்தில், இரத்தம் உறைய உதவும் மருந்தின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. டிரானெக்சாமிக் அமிலம் என்பது அதன் பெயர். உறைந்து அடைத்த இரத்தத்தை உடலே மீண்டும் கரைத்துவிடும் செயலை அது தடுக்கிறது. அதனை 1962இல் உலகுக்கு அறிவித்தவர்கள் ஜப்பானியரான உடாகோ ஒகமோட்டோ அம்மையாரும் அவர் கணவர் ஷோசுகேயும். போருக்குப் பிந்திய வறுமையில், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்தவர் அம்மையார். பிரசவித்த தாய்மாருக்கு இம்மருந்தைக் கொடுத்துப் பாருங்கள் என்று கோபே நகரத்து மருத்துவர்களை அவர் வேண்டினார், அவர்கள் இணங்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தது. 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வெளியாயிற்று. பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், உதிரப் பெருக்கால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. அம்மையார் அதற்கு முந்திய ஆண்டில், தமது 98ஆம் வயதில் காலமாகிவிட்டார். பெண்களுக்காக ஒரு பெண் கண்ட மருந்து பெண்களைச் சேர அவ்வளவு காலம் பிடித்தது. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

காலதாமதம் இம்மருந்தின் பகை. பதினைந்து நிமிடம் தாமதித்தால் பயனில் பத்திலொரு பங்கு போய்விடுகிறது என்று 2018இல் கணக்கிட்டார்கள். சோகையுற்ற தாய்மாருக்கு இதனை முன்கூட்டியே கொடுத்து உதிரப் பெருக்கைத் தடுக்கலாமா என்றும் சோதித்தார்கள். 2023இல் வந்த விடை, தடுக்க இயலாது என்பதே. ஆதலால் கர்ப்ப காலத்தில் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாது உட்கொள்வதற்கு மாற்று இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் பாதிப்பேருக்கு மேல் சோகையுற்றவர்கள். அவர்கள் சிறிது இரத்தம் இழந்தாலும் தாங்கமாட்டார்கள். இதையெல்லாம் எண்ணியே 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் தன் விதியை மாற்றியது. 300 மில்லி லிட்டர் போயிருக்கும்போதே நாடித் துடிப்போ இரத்த அழுத்தமோ மாறினால், அரை லிட்டர் ஆகட்டும் என்று காத்திராமல் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது புதிய விதி.

"கெட்ட இரத்தம்தானே, போகட்டும்" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதுண்டு. பிரசவத்துக்குப் பின் ஓரளவு போக்கு இயல்பே. ஆனால் பெருகிப் போவது நல்ல இரத்தந்தான். வைத்த துணி ஒரு மணி நேரத்துக்குள் முழுதும் நனைந்தால், தலை சுற்றினால், உடல் சில்லிட்டு நெஞ்சு படபடத்தால், உடனே சொல்லியாக வேண்டும். மருத்துவமனைக்குப் பெயர் பதியச் செல்லும்போதே, பிரசவத்தில் போகும் இரத்தத்தை இங்கே அளக்கிறார்களா என்று கணவரோ மாமியாரோ கேட்பதில் தவறில்லை. மொழி தடையாக இருந்தால், இரண்டு வாக்கியங்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இந்தியில் "கூன் பஹுத் பஹ் ரஹா ஹை" என்றால் இரத்தம் மிகுதியாகப் போகிறது என்று பொருள். "சக்கர் ஆ ரஹா ஹை" என்றால் தலை சுற்றுகிறது. மராத்தியில் "கூப் ரக்த ஜாத் ஆஹே", "சக்கர் யேதே". வங்காளத்தில் இரத்தத்தை "ரொக்தோ" என்பார்கள்; தலை சுற்றுவதற்கு "மாதா குர்ச்சே". வேறு மாநிலத்தில் இருப்போர் அக்கம்பக்கத்தாரிடம் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.