லயத்துக்கு வந்த உறுப்பினர்

அந்தக் காலத்தில் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் குற்றம். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்கு வந்து, நம் பாட்டன் பூட்டன் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தார். 1931-ல் ஹட்டனில் தொழிற்சங்கம் அமைத்தார். அவர் பேசிய கூட்டங்களில் மனைவி மீனாட்சி அம்மை பாட்டுப் பாடினார். 1936-ல் ஹட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947 வரை அங்கே நமக்காக வாதாடினார்.

அவர் கண்மூடிய மறுவருஷமே, 1948-ல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதனால் நம்மவர் வாக்கும் பறிபோனது. மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்க 2003-ல்தான் சட்டம் வந்தது.

அவ்வளவு காலம் காத்துக் கிடைத்ததை நாம் அலட்சியம் பண்ணலாமா? பதினெட்டு வயசான பிள்ளைகளின் பேரை வாக்காளர் இடாப்பில் பதியுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், “ஐயா, லயத்துப் பக்கம் கடைசியாக எப்ப வந்தீங்க?” என்று கேளுங்கள்.