கீசருக்குள்ள ஒரு கம்பி கரையுது

இன்னிக்கு கீசர். "ஆன் பண்ணா உள்ள கொதிக்கிற மாதிரி சத்தம் வருது"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

சென்னையில போர் தண்ணி வர்ற வீடுன்னா முதல் சந்தேகம் உப்பு மேலதான். பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுமே, அதேதான் உள்ள எலிமென்ட் மேலயும் படியுது. அந்தப் பொருக்கைத் தாண்டித்தான் சூடு தண்ணிக்குப் போகணும். எலிமென்ட் அளவுக்கு மேல சூடாகி, ஒருநாள் போயிடும். தண்ணி எவ்வளவு சூடோ, உப்பும் அவ்வளவு வேகமா படியும். அதனால தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரைக்கும் திருகாதீங்க, 60 டிகிரி பக்கத்துல வச்சா போதும். சம்ப், மேல்நிலைத் தொட்டி அடியில தங்குற சேறும் இங்கதான் வந்து சேரும். அதையும் கழுவணும். ஆனா மூடியைத் திறந்ததும் யாரையும் சம்புக்குள்ள இறக்காதீங்க. உள்ள காற்று கெட்டிருந்தா உயிர் போகும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பெரும்பாலான ஸ்டோரேஜ் கீசருக்குள்ள ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். ஆனோடு ராடுன்னு சொன்னா சர்வீஸ்காரருக்குப் புரியும். பல மாடல்ல தொட்டி இரும்பு, உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு. பூச்சுல துளி விரிசல் இருந்தாலும் துரு அங்கதான் ஆரம்பிக்கும். மெக்னீசியம் இரும்பைவிடச் சீக்கிரம் அரிக்கும். அதனால தொட்டிக்குப் பதிலா அது கரையுது. அது தீர்ந்துபோனா அடுத்தது தொட்டிதான். ஓட்டையான தொட்டியை ஒட்டி ஓட்ட முடியாது, புது கீசர்தான். வாடகை வீடுன்னா அந்தக் காசு யாருதுன்னு ஹவுஸ் ஓனரோட தனிப் பஞ்சாயத்து வேற. வருஷம் ஒருமுறை சர்வீஸ் விடுங்க. "எல்லாம் ஓகே சார்"னு சொன்னா விடாதீங்க, கம்பியைக் கழட்டிக் கையில காட்டச் சொல்லுங்க. மெலிஞ்சு உள்கம்பி தெரிஞ்சா மாத்திடணும்.

தண்ணி சூடாகும்போது கீழ இருக்கற வால்வுல கொஞ்சம் சொட்டினா பயப்படாதீங்க. சூட்டுல விரியுற தண்ணி அந்த வழியா வெளியேறுது. சொட்டுதேன்னு அதை அடைச்சா, அழுத்தம் போக வழியில்லாம தொட்டியே வெடிக்கலாம்.

கடைசியா, கீசர் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கான்னு பாருங்க. எலிமென்ட் வெடிச்சுக் கரண்ட் தண்ணியில கசிஞ்சா, எர்த்தும் அதும்தான் உங்களைக் காப்பாத்தும். அதுல 'டெஸ்ட்'னு ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாசம் ஒருமுறை, காஞ்ச கையால அமுக்குங்க. உடனே ட்ரிப் ஆகணும். ஆகலைன்னா, இல்ல அப்படி ஒண்ணு வீட்டுலயே இல்லைன்னா, எலக்ட்ரீஷியன் வர்ற வரைக்கும் அடுப்புல வெந்நீர் போட்டுக் குளிங்க.