குறிஞ்சி நிலத்து மக்களும் நம் கவிதையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டு நிறைவு விழாவில் குறிஞ்சித் திணை பற்றி உரையாற்றுமாறு பணித்தீர்கள். மகிழ்ச்சியோடு இசைந்தேன். ஆயினும், உரைக்குக் குறிப்பெடுக்க அமர்ந்தபோது ஓர் உறுத்தல் எழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் குறிஞ்சியை முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் எனப் பகுத்துப் பாடம் சொல்லி வருகின்றேன். மாணவர்களும் முருகன், வேங்கை, காந்தள், தினை, தொண்டகப்பறை என்று தடையின்றி ஒப்பிக்கின்றனர். ஆனால், மதுரையிலிருந்து வடமேற்கே கண்ணுக்குத் தெரியும் மலையில் இன்று யார் வாழ்கின்றனர், எவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்டால் அவர்களும் அறியார். நெடுநாள் நானும் அறியேன். ஆகவே, ஏட்டுக் குறிஞ்சியை விடுத்து, ஒரு சிற்றூரை உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

அவ்வூரின் பெயர் வெள்ளகவி. வெள்ளகெவி என்றும் வழங்குவர். கெவி என்பது குகையையும் ஆழ்ந்த பள்ளத்தையும் குறிக்கும் சொல். பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிக்கும், கோடைக்கானலின் வட்டக்கானலுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் அமைந்த ஊர் இது. கோடைக்கானலுக்கு மூத்த ஊர் என்றால் வியப்பீர்கள். 1821-ஆம் ஆண்டு பழனி மலைத்தொடரை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு, இவ்வூரில் தங்கித்தான் மேலே ஏறினார். அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல். அவர்கள் வருமுன்னரே இங்கு வயல் இருந்தது, கோயில் இருந்தது, குடிகள் இருந்தனர்.

ஊருக்குள் எவரும் செருப்பணிந்து நடப்பதில்லை. வீடுகளுக்கிடையே கோயில்கள் நெருங்கி நிற்பதால் ஊர் முழுவதையும் கோயில் வளாகமாகவே கருதுகின்றனர். காப்பியும் மிளகும் ஆரஞ்சும் விளைகின்றன. விளைந்ததை மூட்டையாகக் கட்டிக் குதிரை முதுகிலோ மனிதத் தலையிலோ ஏற்றிக் கொண்டு செல்வதே தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் அவ்வாறே ஊருக்கு வந்தன. சமவெளியில் நாம் கொடுக்கும் விலையோடு சுமைகூலியும் சேர்ந்தே அவர்கள் அடுப்பில் உலை கொதித்தது. விற்கும்போது கூலி விலையைக் குறைக்கும். வாங்கும்போது கூலி விலையைக் கூட்டும். மலையூர் வறுமையின் கணக்கு இவ்வளவுதான்.

இனி, பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடைக்கானலுக்கு மோட்டார்ச் சாலை அமையுமுன் வெள்ளையர் எவ்வாறு மலையேறினர்? அம்மையநாயக்கனூர் வரை புகைவண்டி. அங்கிருந்து பெரியகுளத்துப் பக்கத்து மலையடிவாரமான கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை மாட்டுவண்டி. அதன்பின் ஏற்றம். குதிரை ஏறத் தெரிந்தவர் குதிரையில் சென்றனர். ஏனையோரை நாற்காலியிலும் டோலியிலும் அமர்த்திக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினர். அவ்வழிக்கே 'கூலிப் பாதை' என்றுதான் ஆங்கிலத்தில் பெயர் வழங்கிற்று. 1914-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லா என்ற அதிகாரியின் பெயரால் வழங்கும் மலைச்சாலை வத்தலக்குண்டுப் பக்கமாக முடிக்கப்பெற்றது. அதன்பின் துரைமார்களைச் சுமக்கும் வேலை ஒழிந்தது. பெரியகுளத்துச் சரிவை நாகரிக உலகம் மறந்தது.

ஆனால், டோலி ஒழியவில்லை. அன்று சுகவாசிகளை மேலே ஏற்றிய அதே சரிவில், பிற்காலத்தில் நோயாளிகளைக் கீழே இறக்கினர். மூங்கிற் கழியில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி, அதில் நோயுற்றவரைக் கிடத்தி, ஆள் மாற்றி ஆள் சுமந்து மணிக்கணக்கில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் பாறை வழுக்கும். ஓடை பெருகினால் காத்திருக்க வேண்டும். 2008-இல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஊர்தி நமக்கு வாசலுக்கு வருகின்றது. இத்தகைய ஊர்களுக்கோ சாலை முடியுமிடம் வரைதான் வரும். பேறுகால வலியோடு தூளியில் கிடக்கும் பெண்ணுக்கு, ஊர்தி நிற்குமிடம் வரை உள்ள தொலைவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவு.

ஆட்சி எல்லையும் இவ்வூருக்கு உதவியாக அமையவில்லை. பழைய மதுரை மாவட்டத்திலிருந்து 1985-இல் திண்டுக்கல்லும், 1996-இல் தேனியும் பிரிந்தன. ஊரும் கோடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டத்தில். அடிவாரத்துப் பெரியகுளமோ தேனி மாவட்டத்தில். இறங்கினால் ஒரு மாவட்டம், மனுக் கொடுக்க ஏறினால் மற்றொரு மாவட்டம். தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளைகள் சிறுவயதிலேயே ஊரைவிட்டு விடுதியிலும் உறவினர் வீட்டிலும் தங்க வேண்டியவராயினர்.

"சாலை போட்டுவிட்டால் தீர்ந்ததே" என நண்பர் சிலர் கேட்கக்கூடும். அவ்வளவு எளிதன்று. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பணிக்கு எடுக்க நடுவண் அரசின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2013-இல் இம்மலைக்காடுகளின் பெரும்பகுதி கோடைக்கானல் வனவிலங்கு உய்விடமாக அறிவிக்கப்பெற்றது. காட்டைக் காப்பதை நான் குறை கூறவில்லை. பெரியகுளத்தின் வராக நதியும் இம்மலையில் பிறந்துதான் வையையில் கலக்கின்றது. காடு அழிந்தால் முதலில் வாடுவது நாம். ஆனால், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கிராம சபையின் பரிந்துரையோடு, ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலத்தில், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பள்ளி, மருந்தகம், சாலை முதலியவற்றை அமைக்க வழி செய்திருக்கின்றது. சட்டத்தில் வழியிருந்தும் தரையில் வழி பிறக்கக் காலம் பல ஆகின்றது. சாலையோடு உல்லாச விடுதிகளும் நிலத்தரகர்களும் ஏறிவருவர் என்ற அச்சமும் நியாயமானதே. எனினும், அதை எடைபோட்டுத் தீர்மானிக்க வேண்டியவர் தூளி சுமந்தவர்களே அன்றி, அடிவாரத்தில் நின்று மலையழகைப் போற்றும் நாம் அல்லர்.

கவிஞர் பெருமக்களே, இப்போது நம்மிடம் வருகின்றேன். 2018-இல் நீலக்குறிஞ்சி பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அம்மலரை நம் வட்டத்திலும் பாடினோம். நானும் ஒரு பாடல் எழுதினேன். மலரும் மஞ்சும் அருவியும் அதில் இருந்தன. மனிதர் எவரும் இல்லை! கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை அடுக்கினார் என்று வியக்கின்றோம். தினைப்புனம் காவல் காக்கும் பெண்ணின் உழைப்பும் அப்பாட்டில் உள்ளதை வியக்கின்றோமா? கருப்பொருளில் தொழிலும் உணவும் ஏன் வைக்கப்பெற்றன? மக்களின்றித் திணை இல்லை என்பதனால் அன்றோ! மலரை வைத்துக்கொண்டு மக்களைக் கைவிட்டவர்கள் நாம். 2025-இல் வெளிவந்த 'கெவி' என்ற திரைப்படம், மலையூர்ப் பெண்ணொருத்தியின் பேறுகாலத் துயரைக் காட்டிற்று. கவிதை சென்றிருக்க வேண்டிய இடத்திற்குத் திரைப்படம் முந்திச் சென்றது.

இறுதியாக ஒன்று. இதே மலைத்தொடரின் தலைவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிப் பிள்ளையும் அறியும். அவன் மனைவி கண்ணகி, அவனால் துறக்கப்பெற்றுக் கண்ணீர் வடித்தாள் என்பதை அறிவோர் சிலரே. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர் அவன்முன் சென்றனர். அவன் கொடையைப் பாடிப் பரிசில் பெற்று மீளவில்லை. அவள் துயரைத் தீர்ப்பதையே வேண்டி நின்றனர். புறநானூற்றில் அப்பாடல்கள் ஐந்தும் இன்றும் நிலைத்துள்ளன. புலவர்க்கு அரசன் முகத்தின் முன் ஒருத்தியின் கண்ணீரை எடுத்துரைக்கும் துணிவு இருந்தது.

நம் வட்டம் பதினோராம் ஆண்டில் கால் வைக்கின்றது. அடுத்த திங்கட்கூட்டங்களில் ஒன்றையேனும் இந்த அரங்கில் நடத்தாமல், மலையூர் ஒன்றின் மந்தையில் நடத்துவோம். அங்கு நாம் கவிதை படிக்க வேண்டா. அவர்கள் பேசட்டும், நாம் எழுதிக்கொள்வோம். ஊருக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றி வைப்போம். 2030-இல் குறிஞ்சி மீண்டும் பூக்கும். அப்போது நாம் எழுதும் பாட்டில் மனிதர் இருக்கட்டும்.