இதன் அம்மா எங்கே?



ஒல்லியான பிள்ளையைக் கண்டால் 'தேவாங்கு' என்று கேலி செய்யும் ஊர் நம் ஊர். அந்தத் தேவாங்குக்காகத்தான் 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு சரணாலயமானது. அந்தச் சரணாலயம் இருக்கும் கடவூர் மலை நமக்குப் பக்கம்தானே, அதனால் இங்கே பேசுகிறேன்.

செல்போனில் ஒரு வீடியோ சுற்றியது. தென்கிழக்கு ஆசியக் காட்டுத் தேவாங்கு ஒன்றுக்கு யாரோ அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிறார்கள். அது இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குகிறது. 'ஐயோ, எவ்வளவு அழகு!' என்று உலகமே உருகியது. அதன் முழங்கைக்குப் பக்கத்தில் நஞ்சுச் சுரப்பி ஒன்று உண்டு, ஐயா! கையைத் தூக்கி, சுரப்பை நக்கி, எச்சிலோடு கலந்து கடிப்பதுதான் அதன் தற்காப்பு. நாம் ரசித்தது அதன் பயத்தை.

பிறகு ஏன் கடிப்பதில்லை என்பீர்கள். சந்தைக்கு வரும் பலவற்றுக்கு, விற்பதற்கு முன்பே நகவெட்டியால் பல்லை வெட்டிவிடுகிறார்கள். மயக்க மருந்தா? அதெல்லாம் யார் கொடுப்பது!

நம்மூர்த் தேவாங்கு இரவு முழுக்கக் கிளை கிளையாக நடந்து பூச்சி தின்கிற உயிர். அதைப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாழைப்பழம் ஊட்டுவதற்குப் பெயர் வளர்ப்பா?

தேவாங்கு மட்டுமா? குரங்குக்குட்டி வளர்ப்பதாகப் பெருமை பேசுகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதன் அம்மா எங்கே? தாய் வயிற்றைக் கவ்விக்கொண்டே திரியும் குட்டி தானாக இறங்கி உங்கள் வீட்டுக்கு வராது. 1950களில் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ என்ற உளவியலாளர், தாயைப் பிரித்த குரங்குக்குட்டிகளுக்குப் பால்புட்டி வைத்த கம்பிப் பொம்மை ஒன்றும், பாலில்லாத துணிப் பொம்மை ஒன்றும் கொடுத்தார். பசித்தபோது கம்பியிடம் போய்விட்டு, மற்ற நேரமெல்லாம் துணியையே கட்டிக்கொண்டு கிடந்தன குட்டிகள். உங்கள் சட்டையை விடாமல் பிடித்திருக்கும் குட்டியும் அப்படித்தான். அதைப் பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாலைந்து வருடத்தில் அதே குட்டிக்குக் கோரைப்பல் முளைத்து, வீட்டில் யார் பெரியவர் என்று உரசிப் பார்க்கும். அன்றைக்கு இடுப்பில் சங்கிலி விழும்.

சட்டமும் சும்மா இல்லை. தேவாங்கு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

தோட்டத்தில் அடிபட்ட தேவாங்கைப் பார்த்தால், துணியால் மூடி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வனத்துறைக்குப் போன் போடுங்கள். அவர்கள் வரும்வரை பால் ஊற்ற வேண்டாம், தூக்கிக் கொஞ்ச வேண்டாம், தயவுசெய்து செல்ஃபியும் வேண்டாம்.