ஊசி போட்ட மாடு 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வருவது ஏன்?



சினை ஊசி போட்ட கறவை மாடு 21 நாளில் மறுபடியும் பருவத்துக்கு வந்து கத்தினால், "ஊசி சரியில்லை" என்றே பெரும்பாலும் சொல்கிறோம். ஆனால் பல மாடுகளில் கரு உண்டாகி, மூன்று வாரத்துக்குள்ளேயே அழிந்துவிடுகிறது. வெளியே எதுவும் தெரிவதில்லை. ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீவனச் செலவு வீண். அடுத்த ஈற்றும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகிறது.

நெல் முளைக்கும்போது முதலில் விதைக்குள் இருக்கும் சத்தைக் கொண்டே வளர்கிறது அல்லவா? மாட்டின் கருவும் அப்படித்தான். முதல் மூன்று நான்கு நாட்களுக்குத் தாயின் முட்டையில் சேமித்து வைத்த புரதங்களும், புரதம் செய்ய உதவும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளுமே கருவை நடத்துகின்றன. கரு 8 முதல் 16 செல்களாகப் பிரியும் சமயத்தில்தான் அதன் சொந்த மரபணுக்கள் முழு அளவில் வேலை தொடங்குகின்றன. அதற்கு முந்திய நாட்களில் கடும் வெப்பத்தைத் தாங்கும் சக்தி கருவுக்குக் குறைவு.

அடுத்த கண்டம் 16, 17-ஆம் நாட்களில் வருகிறது. முட்டை வெளியேறிய இடத்தில், சினைப்பையில் ஒரு மஞ்சள் திரட்டு உண்டாகும். அது புரோஜெஸ்டிரோனைச் சுரந்து கருவைக் காக்கிறது. கரு இல்லாவிட்டால், கருப்பை புரோஸ்டாகிளாண்டினைச் சுரந்து அத்திரட்டைக் கரைத்துவிடும். மாடு பருவத்துக்கு வரும். இதைத் தடுக்க, இதற்குள் நூல்போல 10 செ.மீ.க்கு மேல் நீண்டுவிட்ட கரு, இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைச் சுரந்து தான் இருப்பதைத் தாய்க்கு அறிவிக்கிறது. செம்மறி ஆட்டின் கரு சுரக்கும் இத்தகைய புரதம் இன்டர்ஃபெரான் வகையைச் சேர்ந்தது என்பது 1987-இல் தெரியவந்தது. கரு வளர்ச்சி குன்றியிருந்தால் அறிவிப்புப் போதாது. உயிருள்ள கருவையும் தாய் இழந்துவிடும்.

எனவே நாம் செய்யவேண்டியவை:

1. காலையில் பருவ அறிகுறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டல் செய்யுங்கள்.

2. ஊசி போட்ட அன்றும் அடுத்த சில நாட்களும் மாட்டை வெயிலில் நெடுந்தூரம் நடத்தாதீர்கள். நிழலில் கட்டி, வேண்டிய மட்டும் தண்ணீர் காட்டுங்கள்.

3. கன்று ஈனுவதற்கு முன்பிருந்தே பசுந்தீவனம், அடர்தீவனம், தாது உப்புக் கலவை குறையாமல் கொடுங்கள். மெலிந்த மாட்டின் முட்டை வலுவாக இராது.

4. 18 முதல் 24-ஆம் நாள் வரை காலை, மாலை கவனியுங்கள். மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விதைத்தபின் வயலைக் காப்பதுபோல், ஊசி போட்டபின் மாட்டைக் காப்போம்.