ஓடுகிற காலுக்கும் ஒரு கணக்கு உண்டு

(கூட்டமைப்பின் மகளிர் தின விழாவில் பண்பொழி குழு உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே எழுதித் தரப்பட்டுள்ளது.)

 

என்னை எல்லாருக்கும் தெரியும். பேர் தெரியாதவங்களுக்குக்கூட "அந்த ஓடுற பொம்பள"ன்னு சொன்னா தெரிஞ்சிரும். காலையில வடகரை ரோட்டுல, செங்கோட்டை ரோட்டுல, சுடிதாரும் மகனோட பழைய பள்ளிக்கூட பனியனும் போட்டுக்கிட்டு ஓடுறது நான்தான். "என்ன மைனி, பஸ்ஸ விட்டுட்டீகளா?"ன்னு டீக்கடையில இருந்து கேப்பாங்க. ஆரம்பத்துல அழுகை வரும். இப்ப, "ஆமா, அடுத்த பஸ்ஸப் பிடிக்கத்தான் போறேன்"ன்னு சொல்லிட்டுப் போயிருவேன்.

ஏன் ஓடுறேன், அதுல என்ன கிடைச்சுது, என்ன நட்டம்னு பேசச் சொன்னாங்க. குழுவுல கணக்குச் சொல்ற மாதிரி வரவு, செலவு ரெண்டையும் சொல்லிருதேன்.

சுளகுக்கு முன்னால் 18 வருஷம்

நான் பீடி சுத்துறவ. கல்யாணம் ஆகி வந்த மறு மாசமே மடியில சுளகு ஏறிருச்சு. இலை வெட்டி, தூள் வச்சு, சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு 700 பீடி. குனிஞ்ச தலை நிமிராது. கழுத்து வலி, இடுப்பு வலி, தூள் வாடையில இருமல். இங்க இருக்கிற பாதிப் பேருக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தென்காசி தனி மாவட்டமான 2019-ம் வருஷக் கடைசியில ஒரு மருத்துவ முகாம் நடந்துச்சு. கூட வந்தவங்களுக்காகத்தான் நானும் விரலை நீட்டினேன். எனக்கு இரத்தத்துல ஹீமோகுளோபின் 8.2. கர்ப்பமா இல்லாத பொம்பளைக்கு 12-க்குக் குறைஞ்சாலே இரத்தசோகைன்னு டாக்டரம்மா சொன்னாங்க. "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குமே?"ன்னு கேட்டாங்க. வயசாகுதுன்னு நினைச்சிட்டிருந்தேன் டாக்டர்னு சொன்னேன். எனக்கு அப்ப 37 வயசு.

இது என் ஒருத்தி கதை இல்லை. 2019-21-ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, நம்ம தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்துச்சு. இந்தப் பந்தல்ல உக்காந்திருக்கிற நம்மள ரெண்டு ரெண்டா நிறுத்தினா, ஜோடிக்கு ஒருத்தி.

இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, குடல்புழு மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை போட்டதும் டீ குடிக்கக் கூடாது, அது சத்தை உடம்புல சேர விடாது. எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்த்துக்கிட்டா நல்லதுன்னாங்க. முருங்கைக்கீரை, கருவாடு, சுண்டல்னு சொன்னாங்க. "தினம் நடக்கணும். ஓடக்கூடாது, இரத்தம் ஏறுற வரைக்கும் நடை மட்டும்தான்"னும் சொல்லிவிட்டாங்க. இதை நல்லாக் கேட்டுக்கோங்க. ஓடி எனக்கு இரத்தம் ஏறலை. மாத்திரையும் சாப்பாடும் ஏத்துச்சு. அதுக்கப்புறம்தான் ஓட்டம்.

நடை ஓட்டமானது எப்படி?

2020-ல கொரோனா ஊரடங்கு வந்துச்சு. மொட்டை மாடியிலயே நடந்தேன். அப்புறம் திருமலைக் குமாரசாமி கோயில் வரைக்கும் நடந்தேன். மலைப்படியில பாதியில உக்காந்து உக்காந்துதான் ஏறுவேன். உக்காராம ஏறி முடிச்ச அன்னைக்கு, மேல நின்னு பார்த்தா கீழ வயலும் தென்னந்தோப்பும் குளமும்! இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்தும் சாமியைத்தான் பார்த்தேனே தவிர, ஊரைப் பார்க்கலையேன்னு இருந்துச்சு.

ஓடினது எப்படித் தெரியுமா? ஒரு நாள் கோயில்ல நேரமாயிருச்சு. 6 மணிக்குக் குழாய்ல தண்ணி வரும். விட்டா அன்னைக்குப் பூரா தண்ணி இல்லை. அத்தை வைவாங்க. படி இறங்கி ரோட்டுக்கு வந்ததும் ஓட ஆரம்பிச்சேன். வீடு வந்து சேர்ந்தப்ப குடம் வரிசையில நிக்குது, நானும் நிக்கேன், எனக்கு மூச்சு வாங்கலை! அன்னைக்கு எனக்கு வந்த சந்தோசத்தைக் குடத்துல பிடிக்க முடியாது.

2022-ல ஒரு உடற்பயிற்சி ஆசிரியை ரோட்டுல என்னைப் பார்த்து நிறுத்திப் பேசினாங்க. அவங்கதான் அல்ட்ரா மாரத்தான்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னது. மாரத்தான்னா 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதுக்கு மேல எத்தனை தூரம் ஓடினாலும் அல்ட்ரா. 50 கி.மீ. உண்டு, 100 கி.மீ. உண்டு, அதுக்கும் மேல உண்டு. "அவ்வளவு தூரம் யாராவது ஓடுவாங்களா டீச்சர்?"னு சிரிச்சேன். "வேகமா ஓடுறவங்களைவிட, பொறுமையா ஓடுறவங்களுக்கான ஓட்டம் இது. பொறுமை உங்களுக்கா இல்லை?"ன்னு கேட்டாங்க. ஒரு நாளைக்கு 700 பீடி சுத்துறவளுக்குப் பொறுமைக்கா பஞ்சம்!

நமக்கு முன்னால் ஓடினவர்கள்

டீச்சர் சொன்ன சில பேரை உங்களுக்கும் சொல்லணும்.

தென்னாப்பிரிக்காவுல காம்ரேட்ஸ்னு ஒரு ஓட்டம், 1921-ல தொடங்கினது. சுமார் 90 கி.மீ. 1923-ல பிரான்சிஸ் ஹேவர்ட்னு ஒரு அம்மா சேரணும்னு கேட்டாங்க. பொம்பளைக்கு இடம் இல்லைன்னுட்டாங்க. இருந்தாலும் ஓடி முடிச்சாங்க. அந்த ஓட்டத்துல பெண்களை முறையாச் சேர்த்துக்கிட்டது 1975-லதான். அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான்ல 1967-ல கேத்ரின் ஸ்விட்சர்னு ஒரு பெண் ஓடுறப்ப, ஒரு நிர்வாகி குறுக்க பாய்ஞ்சு அவங்க எண் அட்டையைப் பிய்க்கப் பார்த்தாரு. அவங்க நிக்கலை, ஓடி முடிச்சாங்க. ஒலிம்பிக்ல பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல. டீக்கடைப் பேச்சு நம்ம ஊர்ல மட்டும் இல்லைன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்.

மெக்சிகோ நாட்டு மலையில ஆடு மாடு மேய்க்கிற பொண்ணு லொரேனா ராமிரெஸ். 2017-ல 22 வயசுல, பாவாடையும் ரப்பர் செருப்புமா ஓடி, 50 கி.மீ. மலை ஓட்டத்துல பெண்கள்ல முதலா வந்துச்சு. 7 மணி 3 நிமிஷம். நம்ம நாட்டுல சூஃபியா கான், டெல்லி விமான நிலையத்துல வேலை பார்த்தவங்க. 2019-ல காஷ்மீர்ல இருந்து நம்ம கன்னியாகுமரி வரைக்கும் சுமார் 4,000 கி.மீ. தூரத்தை 87 நாள்ல ஓடி வந்தாங்க. மகாராஷ்டிராவுல பாராமதிப் பக்கம் லதா பகவான் கரேன்னு 60 வயசு தாண்டிய பாட்டி. வீட்டுக்காரருக்கு ஸ்கேன் எடுக்கக் காசில்லை. சேலையைத் தார்பாச்சிக் கட்டிக்கிட்டு, வெறுங்காலோட மூத்தோர் ஓட்டத்துல ஓடி ஜெயிச்சு, அந்தப் பரிசுப் பணத்துல வைத்தியம் பார்த்தாங்க. அவங்க கதை 2020-ல படமாவே வந்துச்சு. அவங்களே நடிச்சாங்க.

என் ஒரு வாரம்

நாலரை மணிக்கு எந்திரிப்பேன். ராத்திரியே அரிசி ஊறவச்சு, காய் நறுக்கி வச்சிருவேன். ஒரு டம்ளர் நீராகாரத்துல உப்புப் போட்டுக் குடிச்சிட்டுக் கிளம்புவேன். செவ்வாயும் வியாழனும் 8 கி.மீ. புதன்கிழமை திருமலைப் படி, ஏறி இறங்கி மூணு தடவை. வெள்ளி நடை மட்டும். சனிக்கிழமை 20 கி.மீ., மறுநாள் ஞாயிறு 15 கி.மீ. முதல் நாள் அசந்த காலோட மறுநாளும் ஓடினாத்தான், அசந்த பிறகும் ஓடக் கால் பழகும். திங்கள் ஓய்வு. ஓய்வும் பயிற்சிதான்னு டீச்சர் சொல்வாங்க. தூரத்தைத் திடீர்னு கூட்டக் கூடாது. நான் ஒரு தடவை ஆசைப்பட்டு ஒரே வாரத்துல ரெண்டு மடங்கு ஓடி, முழங்கால் வீங்கி மூணு வாரம் உக்காந்திருந்தேன்.

மேக்கரை ரோட்டுக்கு இருட்டுல போக மாட்டேன். தோப்புக்கு யானை இறங்குற பக்கம் அது. சாரல் காலத்துல நனைஞ்ச சாக்ஸோட ஓடினா கால் கொப்பளிக்கும், அதனால தேங்காய் எண்ணெய் தடவிக்குவேன். நீண்ட ஓட்டத்துக்கு இடுப்புப் பையில வாழைப்பழம், கடலைமிட்டாய், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தா அப்புறம் நான் பழைய ஆளு. சமையல், துணி, சுளகு.

நட்டமும் சொல்லணுமே. சனி, ஞாயிறுல 700 சுத்துற இடத்துல 500தான் முடியும். அந்தக் காசு போகுது. கல்யாண வீடுகள்ல முன்ன மாதிரி ராத்திரி தங்க முடியல. அத்தை ரெண்டு மாசம் என்கூடப் பேசலை. வீட்டுக்காரர் கேரளாவுல வேலை பார்க்கார். போன்ல யாரோ சொல்லி, "ஊர் சிரிக்குதாமே"ன்னு கேட்டார். லீவுல வந்தப்ப ஒரு நாள் சைக்கிள்ல என்கூட வந்தார். 12-வது கிலோமீட்டர்ல, "நீ போ, நான் டீ குடிச்சிட்டு வாரேன்"னுட்டார். அதுக்கப்புறம் எதுவும் சொல்றதில்லை.

செருப்புக்குக் கடன்

2023-ல, நல்ல ஓட்டச் செருப்பு இல்லாம 50 கி.மீ. வேண்டாம்னு டீச்சர் சொன்னாங்க. 3,000 ரூபாய். குழுக் கூட்டத்துல உள்கடன் கேட்டேன். எல்லாரும் வாயடைச்சுப் போயிட்டாங்க. மாட்டுக்குக் கேட்டிருக்கோம், தையல் மிஷினுக்குக் கேட்டிருக்கோம், பிள்ளை பீஸுக்கு, மகள் சடங்குக்கு, வீட்டுக்காரர் பைக்குக்குக்கூடக் கேட்டிருக்கோம். தனக்குன்னு ஒரு பொம்பள கேட்டது இதுதான் முதல் தடவை. "ஓடுறதுக்கெல்லாம் கடனா? நாளைக்கு ஒருத்தி ஊஞ்சலுக்குக் கேப்பா"ன்னு ஒருத்தி சொன்னா. அவ சொன்னதும் தப்பில்லை. அது எல்லாரோட சேமிப்பு.

அப்ப எங்க குழுவுலயே மூத்த ஆச்சி ஒருத்தர் சொன்னாங்க: "மாட்டுக்கு லாடம் அடிக்கக் கடன் கேட்டா ஒருத்தியும் வாய் திறக்க மாட்டீங்க. இவ காலுக்குக் கேட்டா மட்டும் ஏட்டி இத்தனை பேச்சு?"

தீர்மான நோட்டுல நோக்கம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல என்ன எழுதன்னு ஊக்குநர் கேட்டாங்க. "உடல்நலம்"னு எழுதினோம். மாசம் 300 ரூபாயும் வட்டியும், பத்தே மாசத்துல தவணை தவறாம அடைச்சேன்.

2024 ஜனவரியில வெளியூர்ல 50 கி.மீ. ஓட்டம். 36-வது கிலோமீட்டர்ல நின்னுட்டேன். வெயில்னு வெறும் தண்ணியா குடிச்சுக் குடிச்சு, உப்பு எடுத்துக்காம விட்டுட்டேன். மயக்கமும் வாந்தியும். அளவுக்கு மிஞ்சின வெறும் தண்ணியும் உப்புச்சத்தைக் குறைச்சு ஆளைச் சாய்க்கும்னு அன்னைக்குத்தான் பாடம். ஊருக்கு வர வெக்கமா இருந்துச்சு. குழுவுல எப்படி முகத்துல முழிக்கன்னு நினைச்சேன். ஆச்சி, "36 கிலோமீட்டரா? நான் செங்கோட்டைக்கே பஸ்ஸுலதான போறேன்"ன்னாங்க.

2025 ஜனவரியில மறுபடி போனேன். 8 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். 7 மணி 41 நிமிஷத்துல முடிச்சேன். கடைசியில இருந்து நாலாவது ஆள். பரிசு கிடையாது, முடிச்ச எல்லாருக்கும் குடுக்கிற பதக்கம்தான். அதைக் கொண்டுவந்து குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு மேல வச்சேன். ஊஞ்சல்னு சொன்னாளே, அவதான் முதல்ல எடுத்துக் கழுத்துல போட்டுப் பார்த்தா. இப்ப தினமும் என்கூட மலைக்கோயில் வரைக்கும் நடக்கிற ஆறு பேர்ல அவளும் ஒருத்தி.

நான் கேட்பது இரண்டுதான்

உங்க எல்லாரையும் 50 கி.மீ. ஓடச் சொல்ல வரலை. அது என் கிறுக்கு. ரெண்டே ரெண்டு கேக்கேன்.

ஒண்ணு, ஒவ்வொரு குழுவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்து போய் எல்லாருக்கும் இரத்தம் பார்த்துட்டு வரணும். சேமிப்பு எவ்வளவுன்னு பைசா சுத்தமாச் சொல்ற நமக்கு, நம்ம உடம்புல இரத்தம் எவ்வளவுன்னு தெரியாம இருக்கலாமா?

ரெண்டு, ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வாரத்துல அஞ்சு நாள், கொஞ்சம் வேகமா நடங்க. வாரத்துக்கு 150 நிமிஷமாவது இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. வீட்டு வேலை செய்றோமே, அது போதாதான்னு கேப்பீங்க. சுளகுக்கு முன்னால நான் 18 வருஷம் செஞ்சதும் வேலைதான். முடிவுல 8.2.

போன மாசம் எனக்கு 12.3 இருந்துச்சு. அத்தை இப்ப என்ன செய்றாங்க தெரியுமா? ஞாயிறு காலையில குழாய்த் தண்ணியை அவங்களே பிடிச்சு வைக்காங்க. "ஓடி வாரவளுக்குக் குளிக்கத் தண்ணி வேண்டாமா"ன்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டிருந்தாங்களாம். என்கிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டாங்க. எனக்கு அது போதும்.