பானட்டைத் திறக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்



அந்தக் காலத்தில் தோட்டப்புறத்தில் மாடு வாங்கப் போன பெரியவர்கள் என்ன செய்தார்கள்? வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள். சுழி பார்த்தார்கள். நான்கு அடி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் விலை பேசினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அம்பாங்கிலும் கிள்ளானிலும் பழைய கார் வாங்கப் போகிறார்கள். எதைப் பார்க்கிறார்கள்? சாயம் பளபளக்கிறதா, ஸ்போர்ட் ரிம் போட்டிருக்கிறதா, ஏர்கோன் சில்லென்று வருகிறதா என்று பார்க்கிறார்கள். பானட்டுக்குள் இருப்பது எந்த இஞ்சின் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பாண்டான் இண்டாவில் ஒரு குடும்பம். மகன் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய புரோட்டோன் வாஜா வாங்குகிறார்கள். "வாஜா ஒன் பாயிண்ட் சிக்ஸ்தான் தம்பி, நல்ல காடி" என்று விற்பவர் சொல்கிறார். மூன்றாம் மாதம் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டியிருக்கிறது. மகன் சொன்னதை நம்பி போமன் சாமான் வாங்கி வைக்கிறார். கழற்றிப் பார்த்தால் பொருந்தவில்லை. ஏன்? சாமான் வாங்கியது மிட்சுபிஷி இஞ்சினுக்கு, காருக்குள் இருப்பதோ கெம்ப்ரோ இஞ்சின். இரண்டும் 1.6தான், ஆனால் இரண்டும் வேறு வேறு இஞ்சின்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விற்றவர் சொன்னதும் உண்மை, மகன் சொன்னதும் உண்மை. ஆனால் அது பாதி உண்மை.

ஒரே கூடு, மூன்று இஞ்சின்

வாஜா 2000-ஆம் ஆண்டு வெளிவந்தபோது அதில் இருந்தது மிட்சுபிஷியின் 4ஜி18 இஞ்சின். கொள்ளளவு 1,584 சிசி. 2006-இல் அதே காருக்குப் புரோட்டோனின் சொந்தத் தயாரிப்பான கெம்ப்ரோ இஞ்சின் வந்தது. இது 1,597 சிசி. இவை தவிர, பிரான்சு நாட்டின் ரெனோல்ட் நிறுவனத்து 1,783 சிசி இஞ்சின் பொருத்திய 1.8 வாஜாவும் விற்பனைக்கு வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கார்தான். பட்டறைக்குள் நுழைந்த பிறகுதான் மூன்றும் மூன்று சாதி என்பது தெரியும்.

சாலை வரியும் மாறும். தீபகற்ப மலேசியாவில் தனியாருக்குச் சொந்தமான சாதாரணக் காருக்கு 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட். 1,600-ஐத் தாண்டினால் 200 ரிங்கிட்டோடு, கூடுதலான ஒவ்வொரு சிசிக்கும் 40 சென் சேர்த்துக் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் 1.8 வாஜாவுக்கு 273 ரிங்கிட் 20 சென் ஆகிறது.

அப்படியானால் சிசியைப் பார்த்தால் போதும் என்று சிலர் நினைக்கலாம். போதாது. 1993-இல் வந்த புரோட்டோன் வீராவின் 1.6 இஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி92. அதன் கொள்ளளவு 1,597 சிசி. 2004-இல் ஜென்-2 காரில் அறிமுகமான 1.6 கெம்ப்ரோவின் கொள்ளளவும் அதே 1,597 சிசி. எண் ஒன்று, இஞ்சின் வேறு. கெம்ப்ரோவிலேயே முதலில் வந்தது 110 குதிரைத் திறன், பிறகு வந்த சிபிஎஸ் வகை 125 குதிரைத் திறன். இரண்டுக்கும் சிசி ஒன்றுதான்.

எண் சொல்லும் உண்மை

அப்படியென்றால் எதை நம்புவது? இஞ்சின் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மிட்சுபிஷி இஞ்சினில் அந்த எண்ணின் தொடக்கமே அதன் பெயர். 4ஜி18 என்றால், 4 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை. ஜி என்பது பெட்ரோல். 1 என்பது இஞ்சின் குடும்பம். 8 என்பது அந்தக் குடும்பத்தில் எத்தனாவது பிள்ளை என்பதற்கான அடையாளம். 1985-இல் வந்த முதல் சாகாவின் 4ஜி13, பிறகு வந்த 4ஜி15 எல்லாம் இதே குடும்பம்தான். 4ஜி92, 4ஜி93 வேறு குடும்பம். 1.6 கெம்ப்ரோவின் எண் எஸ்4பிஎச் என்று தொடங்கும்.

கெரான் என்று மக்கள் சொல்லும் வாகனப் பதிவுப் பத்திரத்திலும் இஞ்சின் எண், சேசிஸ் எண், கொள்ளளவு மூன்றும் இருக்கும். பத்திரத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, கைவிளக்கை மறு கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண்ணெய் அழுக்கு மறைத்திருந்தால் துணியால் துடைத்துப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் உரசிய தடம் தெரிந்தாலோ, எழுத்துகள் ஏறுமாறாக இருந்தாலோ, புதுச் சாயம் பூசியிருந்தாலோ அந்தக் காரைத் தொடாதீர்கள்.

எண் பொருந்தாமல் போவதற்கு ஒரு காரணம் ஹாஃப் கட். ஜப்பானில் கழித்துவிட்ட கார்களின் முன்பாதியை வெட்டி இங்கே கொண்டு வருகிறார்கள். வீராவும் மிட்சுபிஷி லான்சரும் ஒரே அடித்தளத்தில் செய்யப்பட்டவை. அதனால் லான்சர் எவொலூஷனின் 1,997 சிசி டர்போ இஞ்சினை வீராவுக்குள் இறக்குவது இளைஞர்களிடையே பெரிய மோகமாக இருந்தது. இஞ்சின் மாற்றுவதே குற்றம் என்று யாரும் சொல்லவில்லை. மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் தெரிவித்து, பரிசோதனைக்குக் கொண்டு போய், பத்திரத்தில் பதிய வேண்டும். பதியாமல் விற்றால், வாங்கியவர் தலையில்தான் அந்தச் சுமை விழும்.

காப்புறுதிப் பத்திரத்திலும் இதே விவரங்கள்தான் இருக்கின்றன. 1.5 என்று சொல்லிக் காப்புறுதி எடுத்துவிட்டு, உள்ளே டர்போ இஞ்சினை வைத்துக்கொண்டு விபத்தில் சிக்கினால், இழப்பீடு கேட்கும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் யார்? காரை ஓட்டிய மகன், கையெழுத்துப் போட்ட அப்பா. பழைய சொந்தக்காரர் அந்நேரம் அங்கே இருக்க மாட்டார்.

பெயர் மாற்றும்போது புஸ்பாகோமில் செய்யும் பி5 பரிசோதனையில் இந்த எண்களைப் பார்ப்பார்கள். வங்கிக் கடனுக்கு பி7 பரிசோதனை. ஆகவே முறையாகப் பெயர் மாற்றுபவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 'சம்போங் பாயார்' என்று பெயர் மாற்றாமலே தவணையை மட்டும் தொடர்ந்து கட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. எண்ணும் தெரியாது, கார் சட்டப்படி அவருடையதும் அல்ல. ஒருநாள் வங்கி வந்து இழுத்துக்கொண்டு போனால் கேட்பதற்கு வாயில்லை.

அரை மணி நேரம் போதும்

இறுதியாகச் செய்ய வேண்டியவை. முதலாவது, பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். "பிறகு தருகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, இஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிடுங்கள். மூன்றாவது, தெரிந்த போமன் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல. நான்காவது, இந்த இஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். 2005-இல் வந்த மைவி 1.3-இல் இருப்பது செயின், கெம்ப்ரோவில் இருப்பது பெல்ட். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே பாழாகும். அதனால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேட்க வேண்டும். ஐந்தாவது, அம்பாங்கிலிருந்து உலு லங்காட் போகும் மலைச்சாலையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சமதரையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். ஏற்றத்தில்தான் இஞ்சினின் குணம் தெரியும்.

வாங்கிய பிறகு, இஞ்சின் எண்ணை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமான் கடையில் காரின் பெயரைச் சொல்வதை விட அந்த எண்ணைக் காட்டுவது மேல்.

பழைய கார் வாங்குவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. உழைத்த பணத்தில் வாங்கும் எதுவும் கௌரவமானதுதான். அந்தப் பணம் ஓர் அம்மாவின் பல வருடச் சேமிப்பாக இருக்கலாம். அதைக் கொடுப்பதற்கு முன், பாட்டன் பல்லைப் பிடித்துப் பார்த்தது போல, பேரன் பானட்டைத் திறந்து பார்க்கட்டும்.